பதினொன்றில் தொடங்கி நாலில் நின்றது

என் பழைய குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. ஆடாதோடை, அதிமதுரம், திப்பிலி, மிளகு, சுக்கு, சித்தரத்தை, கண்டங்கத்திரி, தூதுவளை, துளசி, தாளிசபத்திரி, கடுக்காய். இருமலுக்கான குடிநீர். பல வருஷமாக நோயாளிகளுக்குக் கொடுத்துவந்த ஒரு மூத்த சித்த மருத்துவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. "எல்லாம் சம எடை" என்றார். நானும் ஓரத்தில் "ச.எ." என்று குறித்துக்கொண்டேன். அந்த இரண்டு எழுத்தைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

நான் படித்தது மருந்தாக்கவியல். அந்தக் குடிநீரை எப்போது செய்தாலும் ஒரே மாதிரி வரும் சிரப்பாக மாற்ற வேண்டும், அது உண்மையில் வேலை செய்கிறதா, யாருக்கும் கெடுதல் செய்யாதா என்று சோதிக்க வேண்டும். இதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. அதில் பெரும்பகுதி பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வந்ததில் போனது. கூட்டு மருந்து செய்யப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எந்தெந்த இடத்தில் வழுக்கினேன் என்பதாவது உதவும்.

முதலில் தராசில் வழுக்கினேன். கடுக்காயை முழுதாக நூறு கிராம் நிறுத்துப் போட்டேன். பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கொட்டையோடவா நிறுத்தே?" என்றார். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது நமக்கெல்லாம் தெரிந்த வழக்குதான். சுக்கின் தோலைச் சீவ வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும். ஆனால் நிறுப்பது நீக்குவதற்கு முன்பா பின்பா? நான் எழுதிக்கொண்ட செய்முறையில் அது இல்லை. அவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை, ஏனென்றால் அவர் கையால் எப்போதும் சுத்தி செய்த சரக்கைத்தான் நிறுத்திருக்கிறார். நான் கொட்டையோடு நிறுத்து, பிறகு கொட்டையை எடுத்துவிட்டுப் போட்டிருந்தேன். ஆக, முதல் மூன்று தடவை செய்த குடிநீரிலும் கடுக்காய் குறைவு. மூன்றையும் கொட்டினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் எந்த உறுப்பு, பச்சையா உலர்ந்ததா, சுத்தி செய்த பின் எடை என்ன, ஈரம் எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன். பச்சையா உலர்ந்ததா என்பது சின்ன விஷயம் இல்லை. இஞ்சியும் சுக்கும் ஒரே கிழங்குதான். ஆனால் காய வைக்கும்போதும் சூடேறும்போதும் இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகாவோலாக மாறுகிறது. சுக்கின் காரம் இஞ்சியின் காரம் இல்லை என்று நாக்குக்கு முன்பே தெரியும்.

சம எடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சரக்கு சம எடையாக இருந்தாலும் கசாயத்தில் இறங்குவது சம எடையாக இருக்காது. நூறு கிராமில் நாற்பது கிராம் தண்ணீரில் கரையும் சரக்கையும், பத்து கிராம் மட்டுமே கரையும் சரக்கையும் சமமாகப் போட்டால், குடிப்பவர் வயிற்றுக்குள் போவது நாலுக்கு ஒன்று. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காய்ச்சி, வற்றவைத்து, எவ்வளவு தேறுகிறது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். அலுப்பான வேலை, இரண்டு வாரம் பிடிக்கும். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

பட்டியலில் முதலில் வெளியேறியது தாளிசபத்திரி. அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வந்த மூட்டையின் மேல்தான் குறை. மருந்து நூல்கள் சொல்லும் தாளிசபத்திரி, இமயமலைப் பகுதியில் வளரும் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் இலை. அதன் பெயரில் யூ என்ற இன்னொரு ஊசியிலை மரத்தின் இலையும் வருவதுண்டு. காய்ந்தபின் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். யூ இலையில் டாக்சின் (taxine) என்ற ஆல்கலாய்டுகள் உண்டு. அவை இதயத்துடிப்பையே நிறுத்திவிடக்கூடியவை.

ஒரு பிடி இலையை வெள்ளைத் தாளில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சில இலைகளின் நுனி லேசாகப் பிளந்து, அடிப்பக்கம் இரண்டு வெள்ளைக் கோடு ஓடியது. அவை ஃபிர். சில இலைகளின் நுனி கூராக இருந்தது, வெள்ளைக் கோட்டைக் காணோம். தண்ணீரில் ஊறவைத்து, பிளேடால் மெல்லியதாகக் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஃபிர் இலையில் இரண்டு ஓரத்திலும் பிசின் குழாய் வட்டமாகத் தெரிகிறது. கூர்நுனி இலையில் அந்தக் குழாயே இல்லை. யூவில் இருக்காது. ஒரே மூட்டையில் இரண்டும் கலந்திருந்தன. அதைக் காய்ச்சியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபடியே அன்று வீட்டுக்குப் போனேன்.

பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்தது இதே வகைத் தவறுதான். உடல் எடை குறைக்கக் கொடுத்த கூட்டில் ஹான் ஃபாங் ஜி என்ற சீன மூலிகைக்குப் பதிலாக, பெயரில் நெருக்கமான குவாங் ஃபாங் ஜி வந்து சேர்ந்தது. இரண்டாவது, அரிஸ்டோலோகியா என்ற இனத்துச் செடி. அதன் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும். 1993-இல் முதல் அறிக்கை வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறுக்கு மேல். கூட்டு மருந்தில் இந்த ஆபத்து கூடுதல். தனிச் சரக்காக இருந்தால் நிறத்திலும் மணத்திலும் சந்தேகம் வந்திருக்கும். கூட்டத்தில் ஒருவன் ஆள் மாறினால் யார் கவனிப்பார்கள்?

பெரியவரிடம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. "நான் வாங்குற இடத்துல நல்லதா கிடைக்கும். உங்களுக்கு மூட்டை மூட்டையா வேணும்ங்கிறப்ப அப்படிக் கிடைக்குமானு எனக்குத் தெரியாது" என்றார். அடித்துவிட்டோம். அதன் பிறகு வந்த ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடியை எடுத்து, தேதி எழுதி, பாட்டிலில் போட்டு வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். பின்னால் ஒரு தொகுதி கெட்டுப்போனால் திரும்பிப் பார்க்க அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.

மீதி பத்து. இப்போது குறிப்பேட்டில் "வேலை" என்று ஒரு பத்தி கோடு போட்டேன். சீன மருத்துவத்தில் கூட்டில் இருக்கும் சரக்குகளை அரசன், அமைச்சன், துணைவன், தூதன் என்று பிரிப்பார்கள். நம் சித்த நூல்களில் எந்தச் சரக்குக்கு எது மித்துரு, எது சத்துரு என்ற கணக்கு இருக்கிறது. எந்த முறையாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: நீ இங்கே எதற்கு? பெரியவரும் நானும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து நிரப்பினோம். மிளகுக்கும் திப்பிலிக்கும் எதிரே ஒரே வாக்கியம் வந்தது. இரண்டிலும் காரம் தருவது பைப்பரின். ஒரே ஆளுக்கு இரண்டு சம்பளம். மிளகை எடுத்தோம். சித்தரத்தையும் சுக்கும் கிட்டத்தட்ட அதே கதை. சித்தரத்தை என்ற பெயரில் வேறு அரத்தைகளும் வந்தன என்பதால் அதையும் விட்டோம். எட்டு.

திப்பிலி தங்கியது, ஆனால் சம எடையில் இல்லை. பைப்பரின் வெறும் காரம் அல்ல. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், மஞ்சளில் இருக்கும் குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது மனிதர்களின் இரத்தத்தில் குர்குமினின் அளவு இருபது மடங்கு ஏறியது. கூட்டு மருந்துக்காரர்கள் எல்லோரும் இதைச் சொல்லிப் பெருமைப்படுவோம். அதன் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. பைப்பரின் எது குர்குமின், எது நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை என்று பார்ப்பதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், மூச்சுத்திணறலுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் போன்றவற்றின் அளவையும் அது இரத்தத்தில் ஏற்றும். தியோஃபிலின் சாப்பிடுபவர் யார்? இருமல்காரர்தான். இந்த வரியை எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் திப்பிலியைக் குறைத்ததோடு, எந்த மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் தவிர்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் தயார் செய்தோம்.

அடுப்படிக்கு வருகிறேன். ஆய்வகத்தில் பெரிய எவர்சில்வர் பாத்திரம் ஒருநாள் காலியாக இல்லாததால் தம்பி ஒருவன் இரும்புச் சட்டியில் ஏற்றிவிட்டான். அரைமணியில் கசாயம் எழுதும் மை மாதிரி கருத்தது. மை மாதிரி என்ன, மையேதான்: கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்தால் வருவது அதுதான். பாத்திரமும் ஒரு சரக்கு என்று அன்று எழுதி வைத்தேன்.

மணத்தில் வந்தது அடுத்த அடி. எட்டில் ஒன்றாக வற்றக் காய்ச்சும்போது அறை முழுக்கத் துளசி கமகமத்தது. வருகிறவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். அறையில் இருக்கும் மணம் மருந்தில் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கலவையில் இருப்பதைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் ஏற்றிப் பார்த்தால் துளசி எண்ணெய்க்கான பட்டை தேடவேண்டியிருந்தது. ஆகவே மணமுள்ளதைக் கடைசியில், அடுப்பை அணைத்தபின், மூடி போட்டு ஊறவைக்க வேண்டும். கடினமான வேரையும் கட்டையையும் முதலில் போட வேண்டும். "எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு" என்று எழுதியிருக்கும் செய்முறைகளை அப்படியே எடுக்காதீர்கள்.

அப்புறம் வண்டல். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களைத் திருப்பிப் போட்டது இதுதான். எட்டுச் சரக்கும் சேர்ந்த கசாயத்தை வடிகட்டி இரவு வைத்தால், காலையில் அடியில் ஒரு விரற்கடை அளவுக்குப் பழுப்புச் சேறு. எல்லாக் கசாயத்திலும் இருப்பதுதானே என்று மூன்று மாதம் வடிகட்டி வடிகட்டிக் கொட்டினோம். ஒருநாள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காய்ச்சி வைத்திருந்த பாட்டில்களை வரிசையாக நிறுத்தியிருந்தேன். ஆடாதோடைக் கசாயம் தெளிவு. கடுக்காய்க் கசாயம் கொஞ்சம் கலங்கல். சும்மா, ஆடாதோடையில் நாலு சொட்டுக் கடுக்காயை விட்டேன். பால் திரிந்ததுபோல் திரிந்தது.

ஆடாதோடையின் வேலைக்காரப் பொருள் வாசிசின் என்ற ஆல்கலாய்டு. இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் புரோம்ஹெக்சின் என்ற சளி கரைக்கும் மருந்து அதன் வார்ப்பிலிருந்து செய்யப்பட்டதுதான். ஆல்கலாய்டைக் கண்டால் டானின் பிடித்துக்கொண்டு கீழே படியும். ஆல்கலாய்டு இருக்கிறதா என்று பார்க்கக் கல்லூரியில் டானிக் அமிலத்தை விட்டுப் பார்ப்போமே, அதேதான். சேற்றைக் கரைத்து டி.எல்.சி. தட்டில் ஏற்றி டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தேன். ஆல்கலாய்டுக்கான செம்மஞ்சள் பட்டை, தெளிந்த கசாயத்தைவிடச் சேற்றில் பளிச்சென்று எழும்பியது. மூன்று மாதமாக மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, தெளிந்த தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தோம்.

வண்டலோடு சேர்த்துக் குடித்தால் போயிற்றே என்று கேட்கலாம். பெரியவரின் நோயாளிகள் அப்படித்தான் குடித்தார்கள், சுடச்சுட, கலக்கி. வயிற்றில் அது திரும்பக் கரையக்கூடும். ஆனால் பாட்டிலில் அடைத்து ஒரு வருஷம் வைக்கும் சிரப்புக்கு அது ஒத்துவராது: முதல் கரண்டிக்கும் கடைசிக் கரண்டிக்கும் மருந்து அளவே வேறாக இருக்கும். கடுக்காயை எடுக்க வேண்டும் என்றேன். இந்த முறை பெரியவர் லேசில் விடவில்லை. "கடுக்காய் இல்லாம ஒரு குடிநீரா?" என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடுக்காயை விட எனக்கும் மனசில்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சோதனைக்குழாய் வேலையில் அது எல்லாவற்றிலும் முதல் மார்க் வாங்கியிருந்தது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையில், டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலை மஞ்சளாக்குவதில் முதல். அழற்சிக்குக் காரணமான ஒரு நொதியைத் தடுப்பதில் முதல். பிறகுதான் கூடப் பணிசெய்த ஒருவர் சொன்னார்: டானின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும், நொதியும் புரதம்தானே? கசாயத்திலிருந்து டானினை மட்டும் நீக்கும் ஒரு பொடி இருக்கிறது, பி.வி.பி.பி. என்பார்கள். அதில் கலக்கி வடிகட்டிவிட்டு மறுபடி சோதித்தால், கடுக்காயின் மார்க் சரசரவென்று இறங்கியது. நொதிச் சோதனையில் துவர்ப்பான சரக்கு எதுவும் ஜெயித்தால் இந்தச் சோதனையைச் செய்யாமல் நம்பாதீர்கள். டி.பி.பி.எச். பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. தேயிலைத் தண்ணீரும் அதில் ஜெயிக்கும். அடர்நிறக் கசாயம் தானே 517 நானோமீட்டரில் ஒளியை விழுங்கி அளவைக் கெடுக்கும் என்பதால், கரைசல் இல்லாத வெறும் கசாயத்தையும் அளந்து கழிக்க வேண்டும்.

இதே காலத்தில் நான் எழுதிய அறிக்கை ஒன்றை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஆடாதோடை 100 மைக்ரோகிராம் தனியாக, அதிமதுரம் 100 தனியாக, இரண்டும் சேர்ந்து 200. சேர்ந்தது இரண்டையும்விட நன்றாக வேலை செய்தது என்று கண்டு "ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன" என்று எழுதிவிட்டேன். புள்ளியியல் பார்த்தவர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: "ஆடாதோடையே 200 போட்டிருந்தால்?" போடவில்லை. இரட்டை மருந்து கொடுத்தால் எதுதான் கூடுதலாக வேலை செய்யாது? மொத்த அளவைச் சமமாக வைத்து ஒப்பிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனியாக அளவு-விளைவு வளைவு வரைந்து, கூட்டு அதைவிடக் குறைந்த அளவில் அதே வேலையைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கிருமித் தட்டில் இதற்கென்று ஒரு கணக்கு உண்டு: இரண்டும் சேர்ந்து வரும் குறியீடு 0.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் வலுப்படுத்துகின்றன என்று சொல்லலாம். 4-க்கு மேல் போனால் ஒன்றையொன்று முறிக்கின்றன. இடைப்பட்டதெல்லாம் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். பெரும்பாலான கூட்டுகள் இந்த இடைப்பட்ட இடத்தில்தான் விழுகின்றன. அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஆக ஏழு சரக்கு மிச்சம். விலங்குச் சோதனைக்கு இவற்றை எப்படி எடுத்துப்போவது? பதினொன்றும் இருந்திருந்தால், ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லா விதமாகவும் சேர்த்துப் பார்க்க 2047 கூட்டுகள். ஏழுக்கு 127. யாராலும் ஆகாது. நாங்கள் ஒன்றைவிட்டு மற்றவை என்ற வழியில் போனோம்: முழுக் கூட்டு ஒன்று, ஒவ்வொரு சரக்கையும் ஒருமுறை நீக்கிய கூட்டுகள் ஏழு, வெறும் திரவம் ஒன்று, தெரிந்த மருந்து ஒன்று. பத்துக் குழு, குழுவுக்கு ஆறு சுண்டெலி, மொத்தம் அறுபது. விலங்கு நெறிமுறைக் குழு அந்த எண்ணிக்கையையே இரண்டு முறை கேள்வி கேட்டது. கேட்க வேண்டியதுதான். காகிதத்திலும் தட்டிலும் அடிக்கப்பட்ட ஒவ்வொரு பெயரும் ஆறு உயிரை மிச்சப்படுத்தியது என்று அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சோதனை எளிமையானது. ஃபீனால் ரெட் என்ற சாயத்தை எலியின் வயிற்றறைக்குள் செலுத்தினால் அதில் ஒரு பகுதி மூச்சுக்குழாயின் சுரப்போடு வெளிவரும். மூச்சுக்குழாயைக் கழுவி, சிவப்பு எவ்வளவு என்று அளந்தால் சுரப்பு எவ்வளவு என்று தெரியும். ஆடாதோடையை நீக்கியபோது அளவு தெளிவாக இறங்கியது. அதிமதுரம், திப்பிலி, துளசி, ஒவ்வொன்றையும் நீக்கியபோது கொஞ்சம் இறங்கியது. சுக்கை நீக்கியபோது இறங்கியது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பிழைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. கண்டங்கத்திரியும் தூதுவளையும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை.

பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "தூதுவளைய நான் சளிக்குப் போடலையேம்மா. இருமி இருமி அசந்து போயிருப்பான், சாப்பிட மாட்டான், அதுக்குப் போட்டது. உன் எலிக்கு அசதி அளந்தியா?" அளக்கவில்லை. அவர் சொன்னது சரி: என் சோதனை ஒரு கேள்வியை மட்டும் கேட்டது, தூதுவளை வேறு கேள்விக்குப் பதில். அதற்காக அளக்க முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு, அது வேலை செய்கிறது என்று லேபிளில் எழுதவும் முடியாது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: "அதை நான் தனியா சூரணமா கொடுத்துக்கிறேன். உன் பாட்டில்ல வேணாம்." கண்டங்கத்திரிக்கு அவரிடம் அப்படிப்பட்ட வாதம் இல்லை. இரண்டும் போயின. இந்தச் சோதனையில், இந்த அளவில் வித்தியாசம் தெரியவில்லை என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

செய்யக்கூடாத ஒன்றையும் செய்தேன். முதல் சிரப் நல்ல ருசியாக வந்ததும், அலுவலகத்தில் இருமிக்கொண்டிருந்த நாலு பேருக்குக் கொடுத்தேன். நாலு பேரும் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்றார்கள். சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று கேலியாகச் சொல்வோமே, அது எனக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. பத்து நாள் கழித்துப் பேச்சுவாக்கில் தெரிந்தது, அதில் ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய அறிவியல் குழு 2003-இல் சொல்லியிருக்கிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு கரண்டிகூட யாருக்கும் கொடுக்காதீர்கள், ருசி பார்க்கக்கூட. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. அன்றைக்கு அந்த அறையில் யாராவது கர்ப்பமாக இருந்தார்களா என்று நான் கேட்கக்கூட இல்லை.

ஐந்து சரக்கோடு சிரப்பை அடைத்து அலமாரியில் வைத்தோம். மூன்றாவது வாரம் ஒரு பாட்டிலைத் திறந்தபோது புஸ் என்று காற்று வெளியேறியது. நுரை. ஈஸ்ட் ஏறிப் புளித்துவிட்டது. முன்பு கெடாமல் காக்கப் போட்ட இதே சோடியம் பென்சோயேட், இதே அளவு, மாதக்கணக்கில் நன்றாகத் தாங்கியதே? அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரை எடுத்தேன் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்). கடுக்காய் புளிப்பானது, அது இருந்தவரை கசாயத்தின் பி.எச். கீழேயே இருந்தது. பென்சோயேட் புளிப்பில்தான் வேலை செய்யும், பி.எச். 4.5-ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட வெறும் உப்பு. கடுக்காய் போனதும் அதுவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. யாருமே மருந்தைக் கெடாமல் வைப்பதற்காகக் கடுக்காயைச் சேர்க்கவில்லை. ஆனாலும் அந்த வேலையை அது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, சிட்ரிக் அமிலம் போட்டுப் புளிப்பேற்றலாம் என்று பார்த்தால், கிளிசிரைசின் புளிப்பில் கரையாமல் படிந்துவிடுகிறது. மறுபடி வண்டல். கடைசியில் பழைய வழிக்கே போனோம்: நூறு கிராம் சிரப்பில் 66.7 கிராம் சர்க்கரை. அந்த அடர்த்தியில் கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காது. அதனால் சர்க்கரை நோயாளிகளுக்கு இது இல்லை என்றாகிவிட்டது. எடுக்கும்போது எது கூட வரும் என்று முன்கூட்டித் தெரிவதில்லை. ஒரு சரக்கை நீக்கினால் பி.எச்., வண்டல், கிருமி எண்ணிக்கை மூன்றையும் புதிதாகப் பாருங்கள்.

துளசி கடைசியாகப் போனது. 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் ஆறு மாதம் வைப்பது, மருந்து எவ்வளவு காலம் தாங்கும் என்று சீக்கிரம் பார்க்கும் வழக்கமான முடுக்கச் சோதனை. மூன்றாம் மாதமே துளசியின் பட்டை தட்டில் மங்கிவிட்டது. ஆறாம் மாதம் இருந்ததாகச் சொல்ல முடியவில்லை. முதல் மாதம் ஐந்து மூலிகையாகவும் ஆறாம் மாதம் நாலு மூலிகையாகவும் இருக்கும் மருந்துக்கு லேபிளில் எதை எழுதுவது?

நாலு சரக்கில் பாதுகாப்புச் சோதனைக்குப் போனோம். தனித்தனியாகப் பாதுகாப்பானவை சேர்ந்தாலும் பாதுகாப்பு என்று நினைக்கக்கூடாது என்பதால் முழுக் கூட்டையே கொடுத்துப் பார்க்க வேண்டும்: ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் முறைப்படி ஒரே தடவையில் உடல் எடைக் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை, பிறகு 28 நாள் தொடர்ந்து. கூடவே ஒவ்வொரு தொகுதியிலும் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக், பூஞ்சை நஞ்சு, கிருமி. ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன எல்லை கிலோவுக்கு 10 மில்லிகிராம். இந்தப் பகுதியில் எங்களுக்குப் பெரிய கதை இல்லை, அதுவே நிம்மதி. ஆனால் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பி.சி.-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கூட்டு ஒன்று போதும். ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு நன்றாக வேலை செய்கிறது என்று பேசப்பட்டது. 2002-இல் திரும்பப் பெறப்பட்டபோது அதற்குள் வார்ஃபரின் முதலான ஆங்கில மருந்துகளே கலந்திருந்தது தெரிந்தது. அந்த மருந்தை வைத்து மூலிகைகளைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் எல்லாம் எதைப் பற்றியவை என்று இப்போது யாரால் சொல்ல முடியும்?

இப்போது மனிதச் சோதனைக்கான விண்ணப்பம் நெறிமுறைக் குழுவிடம் இருக்கிறது. அதில் இருமலைவிடப் பெரிய தலைவலி போலி மருந்து. ஆடாதோடையின் கசப்பு ஊரறிந்தது. இனிப்புத் தண்ணீரைக் கொடுத்தால் முதல் கரண்டியிலேயே யாருக்கு எது என்று வெளியாகிவிடும். கருகவைத்த சர்க்கரையில் நிறம் வந்துவிட்டது, சுக்கின் காரம் மட்டும் வராமல் இழுக்கிறது. சுக்கையே கொஞ்சம் போட்டால் அது போலி இல்லை.

குழு போனவாரம் ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தது: நாலும் வேண்டும் என்பதற்கு என்ன ஆதாரம்? குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஏழு பெயர்கள் அடிக்கப்பட்டு, பக்கத்தில் காரணமும் தேதியும் இருக்கின்றன. சுக்குக்குப் பக்கத்தில், எலிச் சோதனை முடிந்த அன்று பென்சிலில் போட்ட கேள்விக்குறி அப்படியே இருக்கிறது. பெரியவரிடம் கேட்டேன். "எடுத்துட்டுத்தான் பாரேன்" என்றார், இந்த முறை அவராகவே. சுக்கு இல்லாமல் செய்த மூன்று பாட்டில்கள் நேற்றிலிருந்து 40 டிகிரிப் பெட்டியில் இருக்கின்றன.